பத்து ரூபாய்ப் பாட்டு: ஓர் இசைக்குழு போதையைப் பற்றித் தன் முதல் பாட்டை எழுதுவது எப்படி

கோத்தகிரியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணி முதல் ஆறரை வரை. வருகிற பையன்களுக்கு ஜி, சி, டி என்று மூன்று கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற விரல் பிடிகள்) கைக்குப் படிந்துவிட்டால் போதும், குழு ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த வாரமே, “மாஸ்டர், சொந்தமாக ஒரு பாட்டு போட வேண்டும். சமூகத்துக்குப் பயன்படுகிற மாதிரி இருக்க வேண்டும்” என்று வந்து நிற்பார்கள். சமூகத்துக்குப் பயன்படுவது என்றால் பெரும்பாலும் குடியைப் பற்றித்தான். ஏன் என்று நான் கேட்பதில்லை. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் குடியை விட்டவன் நான். அதனால் இந்த ஒரு பாடத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன்.

முதலில் ஒரு பாட்டைக் கேளுங்கள்

பேனாவை எடுக்கும் முன் கேட்க வேண்டியது ‘செமி சார்ம்ட் லைஃப்’. சான் பிரான்சிஸ்கோவின் ‘தேர்ட் ஐ பிளைண்ட்’ என்ற ராக் குழு 1997இல் வெளியிட்ட முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. நவீன ராக் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரு புதுக் குழுவுக்கு எடுத்த எடுப்பிலேயே இப்படி ஒரு வெற்றி.

அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில் கல்லூரி விழா மேடையில் நான் அதைப் பாடினேன். யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட்டைக் கேட்டு, புரிந்த வார்த்தைகளைப் புரிந்தபடியும் புரியாதவற்றை வாய்க்கு வந்தபடியும் பாடினேன். ‘டு டு டு’ என்று பொருளில்லாமல் வருகிற இடத்தில் அரங்கமே கூடச் சேர்ந்து பாடியது. துள்ளலான காதல் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளில் மூழ்கிக் கிடக்கிற ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பற்றியது. வானொலிக்காகச் செய்த பதிப்பில் அந்தப் பொருளின் பெயர் வருகிற இடத்தைக் காதில் விழாதபடி மறைத்துவிட்டார்கள். ஆங்கிலம் அறிந்தவர்களே ஏமாந்த பாட்டு அது. என் ஆங்கிலத்தைக் கேட்கவே வேண்டாம். பாடி முடித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி நேராக நண்பர்களோடு குடிக்கப் போனேன்.

இத்தனை இருட்டான விஷயத்துக்கு ஏன் இத்தனை வெளிச்சமான மெட்டு? அதை எழுதிய பாடகர் ஸ்டீபன் ஜென்கின்ஸ் இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். பளபளப்புக்காகப் பளபளப்பு சேர்க்கவில்லை. அந்தப் போதை ஆளை எப்படி மயக்கி இழுக்குமோ அந்த மயக்கத்தையே இசையாக்கினேன் என்பது அதன் சாரம். நியூயார்க் பாடகர் லூ ரீட் 1972இல் பாடிய ‘வாக் ஆன் தி வைல்டு சைடு’ பாட்டுக்குத் தன் ஊரிலிருந்து தரும் பதிலாகவும் இதை அவர் நினைத்தார். அந்தப் பழைய பாட்டிலும் ‘டு டு டு’ உண்டு.

என் மாணவர்களிடம் இந்த விளக்கத்தை இரண்டு முறை சொல்வேன். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

கைக்கு வர வைக்கிற வழி

கேட்டது போதாது, வாசித்தும் பார்க்க வேண்டும். ஜி கார்டைப் பிடியுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் கீழே உள்ள மெல்லிய இரண்டு தந்திகளில் மூன்றாவது கட்டையில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) இருக்கட்டும். இனிப் பாட்டு முடியும் வரை அந்த இரண்டு விரல்களையும் எடுக்கக் கூடாது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மட்டும் நகரும். இரண்டையும் ஐந்தாம், ஆறாம் தந்திகளில் வைத்தால் ஜி. அப்படியே ஒரு தந்தி இறக்கி நான்காம், ஐந்தாம் தந்திகளுக்குக் கொண்டுவந்தால் ஒன்பதாம் சுரம் சேர்ந்த சி. நடு விரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை மூன்றாம் தந்தியின் இரண்டாம் கட்டையில் வைத்து, நான்காம் தந்தியிலிருந்து மட்டும் மீட்டினால் நான்காம் சுரம் தொங்குகிற டி. இந்த மூன்றையும் ஜி, டி, சி என்று சுற்றிச் சுற்றி வாசித்தால் பாட்டின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு தட்டு.

இரண்டு விரல்கள் இடம் மாறாததால் எந்தக் கார்டுக்குப் போனாலும் மேலே அதே இரண்டு சுரங்கள் ஒலித்துக்கொண்டே இருக்கும். பாட்டின் மினுமினுப்பு அங்கிருந்துதான் வருகிறது. “எங்கே போனாலும் விடாது, மாஸ்டர்” என்றான் ஒரு பையன். நான் சிரிக்கவில்லை, சுண்டு விரல் வழுக்குகிறது என்று சொல்லி மறுபடி வாசிக்க வைத்தேன்.

மலைக்காரர்களுக்கு ஒரு சங்கதி. குளிர்ந்த அறையில் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும்; பத்துப் பேர் உட்கார்ந்து அறை சூடானதும் தளர்ந்து இறங்கும். ஆகவே உள்ளே வந்ததும் சுருதி சேர்க்காதீர்கள். கிட்டாரை உறையிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சேருங்கள். மூடுபனிக் காலத்தில் வாசித்து முடித்ததும் தந்திகளைப் பழைய பருத்தித் துணியால் துடைக்காவிட்டால் துரு ஏறிவிடும். செருப்புப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் கிட்டார் உறைக்குள் போட்டு வையுங்கள்.

மேளத்துக்குப் பணம் இல்லையா? எங்களுக்கும் இல்லை. தேயிலையை இப்போது காகிதச் சாக்குகளில் அனுப்புகிறார்கள். முன்பு ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அனுப்பினார்கள். அந்தப் பழைய பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் விறகு வைக்கக் கிடந்தது. விளிம்புத் தகரத்தைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து உள்ளங்கையால் அடித்தால் நடுவில் ‘தும்’, மேல் ஓரத்தில் ‘டக்’. வேறென்ன வேண்டும்?

சுவரொட்டி வரிகளை முதலில் கொட்டித் தீர்த்துவிடுங்கள்

எழுத உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் எழுதுகிறார்கள். ‘மது அரக்கன்’ வருவான். ‘பாழும் குடி’ வரும். ‘தாலி’ வரும், அது அறுந்தும் விழும். மதுப் பாட்டில்களின்மேல் அச்சிட்டிருந்த ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற வாசகம் பல்லவியாகவே வந்துவிடும். தடுக்காதீர்கள். ஒரு தாள் முழுக்க எழுதட்டும். பிறகு அந்தத் தாளை மடித்து, ஆடுகிற மேசைக்கால் அடியில் வையுங்கள். எங்கள் மாடியில் அந்த மேசை இப்போது ஆடுவதே இல்லை.

அந்த வரிகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் குடிக்கிறவன் அதைக் கேட்டுத் திருந்தமாட்டான், அவன் பிள்ளை கேட்டு ஆறுதல் அடையாது. நானும் பத்து ஆண்டு அந்த வாசகத்தைப் பாட்டிலின்மேல் பார்த்தவன்தான். பார்த்துக்கொண்டே மூடியைத் திருகியவன்.

ஜென்கின்ஸ் சொன்னதை இங்கேதான் பிடிக்க வேண்டும். போதை முதலில் இனிக்கிறது. இனிக்காவிட்டால் யார் தொடுவார்கள்? அந்த இனிப்பை மறைத்துவிட்டு எழுதினால் கேட்கிறவன், “இவனுக்கு ஒன்றும் தெரியாது” என்று முதல் வரியிலேயே காதை மூடிக்கொள்வான். ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “அன்றைக்கு நடந்ததில் நல்லது எது?”

போன மழைக்காலத்தில் இந்தக் கேள்வியைப் பதினேழு வயதுப் பையன் ஒருவனிடம் கேட்டேன். அவன் அப்பா குடிப்பவர். நல்லதா என்று முறைத்தான். பெட்டியை விரலால் தட்டிக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தான். அப்போது கீழே பேக்கரியில் வர்க்கி என்ற எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட் தட்டை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தார்கள். அந்த மணம் மாடிப்படி ஏறி வரும். வாசிப்பவர் கை ஒரு கணம் நின்றுவிடும். அவன் தலை நிமிராமலே சொன்னான்: “அப்பா குடித்த அன்றைக்குத்தான் மாஸ்டர் எங்கள் வீட்டுக்குச் சூடாக வர்க்கி வரும். காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவார். பாடிக்கொண்டே வருவார். குடிக்காத அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார்.”

அந்த வர்க்கி போதும், பாட்டு பிழைத்துவிடும். உங்கள் ஊரில் அது முறுக்காக இருக்கலாம், பொட்டலத்து மல்லிகையாக இருக்கலாம். கையால் தொடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, “அதற்கு விலை என்ன?” விலையும் அதே மாதிரி கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். ‘நிம்மதி’, ‘எதிர்காலம்’ என்றெல்லாம் எழுதினால் மேசைக்காலைக் காட்டுவேன். அவன் சொன்ன விலை பத்து ரூபாய்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கண்ணாடிச் சில்லுகள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. மது வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டுக்கு நல்ல திட்டம். தேயிலைச் சரிவில் சில்லு பொறுக்கி அலுத்தவன் என்கிற முறையில் மனதாரச் சொல்கிறேன். ஆனால் இந்தப் பையனுக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் சேர்ந்த பாட்டில்களைப் பையில் போட்டு எடுத்துப் போவது அவன் வேலையாயிற்று. சத்தம் வராமல் இருக்க நடுநடுவே துணி செருகிக்கொள்வானாம். வாங்கி வந்த பணத்தை அப்பா அவனிடமே கொடுத்துவிடுவாராம். “அப்பா கைச்செலவுக்குக் காசு தருகிறார் என்று சந்தோஷப்பட்டேன் மாஸ்டர். அது அவர் முன்னாலேயே கொடுத்த காசுதான் என்று பிறகுதான் தெரிந்தது.”

வர்க்கி முதல் சரணத்துக்குப் போயிற்று. பத்து ரூபாய் கடைசிச் சரணத்துக்கு. நடுவில் என்ன வைப்பது என்று ஒரு வாரம் தவித்துவிட்டு ஒன்றும் வைக்கவில்லை. நடுவில் கிட்டார் மட்டும்.

வேகத்தைப் போதையிடம் கேளுங்கள்

இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ‘செமி சார்ம்ட் லைஃப்’ பாட்டில் சரணங்கள் மூச்சு விட இடமில்லாமல் ஓடும். மெத்தாம்ஃபெட்டமின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. உட்கொண்டவர் தூங்கமாட்டார், நிறுத்தாமல் பேசுவார், பிறகு ஒரேயடியாகச் சரிவார். வார்த்தைகளின் வேகமே அந்த மனிதரின் பேச்சு. எங்கள் பையன்கள் அந்த வேகத்தை அப்படியே குடிப்பாட்டுக்கு எடுத்து வைத்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை. மது நரம்பு மண்டலத்தைத் தளர்த்துகிற பொருள்; ஆரம்பத்தில் கூச்சம் கரைந்து கலகலப்பாக இருக்கும், போகப் போக நாக்கும் காலும் பின்தங்கும். குடித்தவர் யாராவது நூறு தட்டு வேகத்தில் பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே ஆறு எட்டுத் தாளத்துக்கு மாறினோம். தாலாட்டின் அசைவு. முதல் சரணத்தில் பெட்டி கிட்டாரோடு சரியாகச் சேர்ந்து நடக்கும். கடைசிச் சரணத்தில் பெட்டி அடிக்கிறவன் ஒரு இம்மி பின்னால் தங்குவான். சொன்னால் எளிது, செய்தால் ஒன்று தாளம் கெடும், இல்லை வித்தியாசமே தெரியாது. கால் பெருவிரலால் தரையில் சரியான தாளத்தைப் போட்டுக்கொண்டு கையை மட்டும் தாமதிக்கப் பழகுங்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. கீழே பேக்கரிக்காரர் மேலே வந்து, “பையனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்ட அன்று சரியாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

பொருளற்ற ஓசைக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். தன்னானே இருக்கிறது, ஏலேலோ இருக்கிறது. நடவிலும் படகிலும் பாடியது பொருள் சொல்வதற்காகவா? வாய்க்குச் சுகம், கூடப் பாட எளிது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தன்னானே பாடக் கூடாது. விழாவில் பாடுகிற மாதிரி பாடுங்கள். சோகத்தைக் கேட்கிறவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் முதல் சரணம் இப்படித் தொடங்கும்:

சூடு வர்க்கி காகிதத்தில், வாசல் வரை மணக்கும்
பாடிக்கொண்டே அப்பா வந்தால் வீடே எழுந்து சிரிக்கும்

கடைசிச் சரணம்:

விடிந்த பின்னே பை நிறைய வெறும் பாட்டில் ஆறு
கடையில் தந்தால் அறுபது ரூபாய், கணக்குப் போட்டுப் பாரு

எதுகைக்காக யாரும் மெனக்கெடவில்லை, தானாக விழுந்தது. ‘பாரு’ என்பது எழுத்துக்கு ஒத்துவராது என்று நான் முனகினேன், பையன்கள் கேட்கவில்லை. இன்னொருவன் ‘பாட்டில்’ என்பதை ‘பாட்டு, இல்’ என்று பிரித்து அதையே தலைப்பாக வைக்கலாம் என்றான். சாமர்த்தியம்தான். ஆனால் பாட்டைவிடப் பெரியதாகத் துருத்திக்கொண்டு நிற்கிற சாமர்த்தியம் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

பதிவு செய்வது

தகரக் கூரை வீட்டில் வடகிழக்குப் பருவமழையின்போது பதிவு செய்ய நினைக்காதீர்கள். மழைச் சத்தம் இனிமையாகத்தான் இருக்கும். பதிவில் அது அப்பளம் பொரிக்கிற சத்தம். நாங்கள் ஆம்னி வேன் ஒன்றை மழை இல்லாத இரவில் மேட்டில் நிறுத்தி, பின் இருக்கையைக் கழற்றி, பக்கவாட்டில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, கைபேசியைக் கம்பளித் தொப்பிக்குள் பாதி செருகி வைத்துப் பதிவு செய்தோம். நான்கு பேர் மூச்சில் கண்ணாடி வியர்க்கும்; இரண்டு முறை பாடியதும் கதவைத் திறந்து காற்று விடுங்கள். எங்கள் ஆறாவது பதிவில் நரி ஊளையிட்டது. ஏழாவதை வைத்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் தாளம் எண்ணுவதற்குக் குச்சிக்குப் பதில் பத்து ரூபாய் நாணயத்தைப் பெட்டி விளிம்பில் தட்டினோம். பல கடைகளில் வாங்க மறுக்கிற அந்த நாணயம் இதற்காவது உதவியது.

பாட்டு மருந்து இல்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டைக் கேட்டு மனம் உருகி யாராவது, “இன்றோடு நிறுத்துகிறேன்” என்றால் கைதட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனப்பிரமை வரை போகலாம். உயிருக்கே ஆபத்து ஏற்படுவதும் உண்டு. மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நான் அவசரத்தில் தனியாக நிறுத்தப் பார்த்து, இரண்டாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அலறியவன். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; கட்டணம் இல்லை. பாட்டை எங்கே பாடினாலும் முடிந்ததும் அந்த எண்ணை ஒருவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

மேடை ஏறும் முன்

பாட்டில் இருக்கிற ஆளிடம் அனுமதி வாங்காமல் ஊருக்கு முன்னால் பாடக் கூடாது. பெயர் சொல்லவில்லையே என்று வாதாடாதீர்கள். கோத்தகிரியில் வர்க்கி என்றதுமே யார் வீடு என்று நான்கு பேருக்குத் தெரிந்துவிடும். அவர் வேண்டாம் என்றால் பாட்டை வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கும் நேரம் உண்டு. மதுக்கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. அதற்கு முன்னால், தெளிந்த முகமாக இருக்கும்போது கேட்க வேண்டும். அம்மாவை விட்டுக் கேட்க வைக்காதீர்கள், எழுதியவனே கேட்க வேண்டும்.

அந்தப் பதினேழு வயதுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கேட்டிருக்கிறான். அப்பா முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நிற்கத் தைரியம் இல்லாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டான். பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடுகிற சத்தம் கேட்டது. அதுவும் முடிந்ததும் கூப்பிட்டார்.

“வர்க்கி மட்டுமா வாங்கி வந்தேன்?” என்று கேட்டாராம். “தங்கைக்கு வர்க்கி பிடிக்காது என்று ஜாம் பன் தனியாக வாங்கி வருவேனே, அதை ஏன்டா விட்டாய்?”

மறுநாள் நான்கு மணிக்கு வந்ததும் வராததுமாகப் பெட்டியில் உட்கார்ந்து தட்டிக் காட்டினான். ‘ஜாம் பன்’ இரண்டு தட்டு. முதல் சரணத்தில் மூன்றாம் வரி முடிகிற இடத்தில் சரியாக இரண்டு தட்டு காலியாக இருந்தது.